உள்ளபடி

மாலை ஏழு மணி ஆனால் ஒரு கோடிப் பேர் நடிகை மதிவதனிக்குத் தொலைக்காட்சித் தொடரில் கணவனாக நடித்தவனைப் பார்த்தார்கள். ஒரு வீட்டில் தெரிந்த முகம் அடுத்த வீட்டில் தெரிந்ததில்லை.

தொலைக்காட்சிக்குள் இருந்த இசைமுகி என்ற மென்பொருள் செய்த வேலை அது. எதைக் கண்டால் பார்ப்பவரின் கண்மணி விரிகிறது, எதைக் கண்டால் சுருங்குகிறது என்று கவனித்து, அவர் கண்ணுக்கு உறுத்தாத நிறத்தையும் மூக்கையும் திரையில் வருகிறவர்களுக்குப் பூசிவிடும். இசைமுகி வந்த பிறகு, ஜோடிப் பொருத்தம் சரியில்லை என்று நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த வசவுகள் நின்றுபோயின. எந்த நிறத்தவருக்கும் நடிக்க வாய்ப்புக் கிடைத்தது. அந்த வகையில் எல்லோருக்கும் நிம்மதி.

மதிவதனிக்கு மட்டும் நிம்மதி இல்லை. திரையில் கணவனாக நடித்த குவாமேயைத்தான் அவள் நிஜத்திலும் கட்டிக்கொள்ள விரும்பினாள். பனியன் கொள்முதலுக்குக் கானாவிலிருந்து வந்து திருப்பூரிலேயே தங்கிவிட்ட வியாபாரியின் மகன் அவன். அவனுடைய படத்தை அனுப்பியபோது, சென்னிமலையில் இருந்த அப்பா கருப்பண்ணன் போனில் பதில் சொன்னார்.

"நம்ம சனம் ஏத்துக்காது அம்மிணி. உங்கூட நடிக்கிறானே, அந்தப் பையனாட்டம் ஒருத்தனைக் கூட்டியா. நாளைக்கே தாலி கட்டிப்போடலாம்."

"அவருதானுங்கப்பா இவரு."

"வெளையாடாதே!" என்று வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவள் குவாமேயை அழைத்துக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். கதவைத் திறந்த அப்பா அவனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கும்புடறனுங்க மாமா. உடம்பு சவுக்கியமுங்களா?" என்றான் குவாமே.

கருப்பண்ணன் சட்டென்று திரும்பினார். இசைமுகி முகத்தைத்தான் மாற்றும், குரலைத் தொடாது. நாலு வருடமாக அவர் மனைவியில்லாத வீட்டில் மாலைதோறும் கேட்ட குரல் அது. இன்னொரு தரம் பேசச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கதவை விட்டு விலகி நின்றார்.

"உள்ள வாங்க தம்பி."

ஏழு மணிக்குத் தொடர் ஓடியது. திரையில், அப்பாவுக்குப் பிடித்த சிவந்த முகத்துக்காரன் குவாமேயின் குரலில் பேசினான். கருப்பண்ணன் திரையையும் பக்கத்தில் இருந்தவனையும் மாறி மாறிப் பார்த்தார். காப்பி போடுகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனார்.

திரைக்கு நேர் எதிரே இருந்த கண்கள் இப்போது மதிவதனியுடையவை. இசைமுகி அவளுக்கேற்ப முகத்தை மாற்றியது.

தான் நடித்ததை வீட்டில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. திரையில் இருந்தது குவாமேதான். ஆனால் இரண்டு படி வெளுத்திருந்தான், மூக்கு கொஞ்சம் கூர்மையாகியிருந்தது.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு... நான் இப்படி நெனச்சதே இல்லீங்க, குவாமே."

"எங்கூட்டு டிவியை நீ பாத்ததில்லையே. அதுல எங்கண்ணுக்கே நான் இன்னும் வெளுப்பா இருப்பேன்," என்றான் அவன். சிரிக்கத்தான் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

தம்ளர்களோடு சமையலறை வாசற்படியில் நின்ற கருப்பண்ணன் அதைக் கேட்டுவிட்டார். காப்பியைக் கீழே வைத்தார்.

"இந்தக் கருமத்தை நிறுத்த வழியே இல்லீங்களா தம்பி?"

வழி இருந்தது. அமைப்புப் பட்டியலின் அடியாழத்தில் 'உள்ளபடி' என்று ஒரு தெரிவு. அந்த வீட்டில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. மூவரும் திரைமுன் குனிந்து, மாற்றி மாற்றி அழுத்தி, இருமுறை தப்பான பக்கத்துக்குப் போய்த் திரும்பி, ஒருவழியாக அதைக் கண்டுபிடித்தபோது தொடர் முடிந்திருந்தது. காப்பியும் ஆறிவிட்டது. செய்தி தொடங்கியது.

திரையில், கன்னத்தில் வெண்திட்டுகள் படர்ந்த, நல்ல கறுப்பான நடுவயதுப் பெண் ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருடமாகத் தினமும் வேறு முகத்தோடு கருப்பண்ணனுக்குச் செய்தி வாசித்தவள்.

"வணக்கம்," என்றாள் அவள்.

"வணக்கமுங்க," என்றார் கருப்பண்ணன், தன்னையறியாமல்.