ஆட்டுப் பள்ளிக்கூடம்

கரியாலூருக்கு மேலே, சாமைக் காட்டுக்கு நடுவில் இருந்தது தனுஷாவின் வீடு. அடுத்த வீட்டுக்குப் போக ஒரு மேடு ஏறி இறங்க வேண்டும். கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டியதும், அந்த மேட்டைக்கூட ஏறக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். போனில் பாடம் வரும் என்றார்கள். சிக்னலே வரவில்லை, பாடம் எங்கே வரும்?

தனுஷாவுக்குப் பேச ஆள் இல்லை. தம்பி ஜீவாவுக்கு ஐந்தரை வயது, அவனோடு எவ்வளவுதான் பேசுவது? பள்ளிக்கூடக் கூட்டாளிகளை நினைத்தால் அழுகையாக வந்தது.

ஒருநாள் ஆடுகளுக்கு அவர்கள் பேரை வைத்தாள். தாடி வைத்த கிடா இளஞ்செழியன். ஓயாமல் மெல்லும் கறுப்பி, மணிமொழி. அன்றிலிருந்து தினமும் பாறைமேல் ஏறி நின்று பேர் வாசிப்பாள்.

“மணிமொழி!”

“மே...”

ஜீவாவும் ஆடுகளோடு உட்கார்ந்து, தன் பேர் வந்ததும் “மே!” என்பான். தனுஷா வயிறு குலுங்கச் சிரிப்பாளே தவிர, அவனைத் திருத்தியதே இல்லை.

பத்தொன்பது மாதம் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தது. தனுஷா இப்போது ஐந்தாம் வகுப்பு. ஜீவா ஒன்றாம் வகுப்பைக் கண்ணால் பார்க்காமலே இரண்டாம் வகுப்பு. எல்லா வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். வீரமணி சார் பேர் வாசித்தார்.

“ஜீவா!”

ஜீவா விறைப்பாக எழுந்து நின்றான். “மே!”

அறையே அதிர்ந்தது. மணிமொழி சிரித்த சிரிப்பில் மாஸ்க் காதை விட்டுக் கழன்றது. ஜீவாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. சாப்பாட்டு மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டான்.

“நா இனிமே ஸ்கூலுக்கு வரல” என்றான் சாயங்காலம்.

“‘உள்ளேன் ஐயா’ன்னு சொல்லணும்டா.”

“அத ஏன் இத்தினி நாளா சொல்லல? நீயும் சிரிச்சிக்கினுதான இருந்த?”

தனுஷாவுக்குச் சுருக்கென்றது. தப்பு அவளுடையதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால் கூட்டாளிகள் பேசுவார்களா? தன் பேரை ஆட்டுக்கு வைத்தால் யாருக்குப் பிடிக்கும்? இத்தனை மாதம் காத்திருந்து இப்போதுதான் அவர்கள் கிடைத்திருக்கிறார்கள்.

“நாளைக்கு ஒரு நாள் வா. யாராச்சும் உன்ன பாத்து சிரிச்சா, அப்புறம் நா கூப்புடவே மாட்டேன்.”

மறுநாள் சார் ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்கினார்.

“தனுஷா!”

“மே!”

சார் கண்ணாடியைக் கழற்றினார். “இன்னாம்மா, உங்க வூட்ல எல்லாருக்குமே இந்த நோவா?”

“இல்ல சார். எங்க வூட்டாண்ட யாருமே இல்ல. ஆடுங்களுக்கு இவங்க பேர வெச்சி அட்டெண்டன்ஸ் எடுத்துக்கினு இருந்தேன். அதுங்க ‘மே’ன்னுச்சுங்க. அத பாத்துதான் இவனும் கத்துக்கினான். தப்பு எம்மேலதான்.”

மணிமொழி எழுந்தாள். “எம்பேர எந்த ஆட்டுக்கு வெச்ச?”

“கறுப்பிக்கு” என்றாள் தனுஷா. “அது எந்நேரமும் மென்னுக்கினே இருக்கும்.”

மாஸ்க்குக்குள் மென்றுகொண்டிருந்த மணிமொழியின் வாய் நின்றது. “தெனமும் எம்பேர கூப்ட்டியா?”

“தெனமும்.”

“எனக்கு ஆடுகூட இல்லடி. செவுத்தாண்டதான் பேசிக்கினு இருந்தேன்.”

தனுஷாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சார் அடுத்த பேரை வாசித்தார்.

“மணிமொழி!”

“மே!”

“இளஞ்செழியன்!”

“மேஏஏ!” என்றான் அவன், கிடாக் குரலில்.

ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அப்படியே சொன்னார்கள். சார் தடுக்கவில்லை. ஒவ்வொரு பேராக டிக் அடித்துக்கொண்டே வந்தார்; ஜீவாவின் பேரை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்.

“ஜீவா!”

ஜீவா எழுந்தான். எல்லாரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

“உள்ளேன் ஐயா!”

“அப்ப இன்னைக்கி ஸ்கூலுக்கு வந்த புள்ள ஒருத்தன்தான்” என்று சார் பதிவேட்டை மூடினார். “மத்தவங்கல்லாம்?”

“மே!” என்றது அறை மொத்தமும். முதலில் சிரித்தவன் ஜீவாதான்.