துபாய்க்கு ஒரு மீன் ஊறுகாய்

போன் அலறியது!

வர்க்கிச்சன் பாய்ந்து எடுத்தான். காலையிலிருந்து கோழஞ்சேரியில் தன் டிராவல்ஸ் ஆபீசில் இந்த ஒரு போனுக்காகத்தான் அவன் தவம் கிடக்கிறான். துபாயிலிருந்து வரவேண்டும். 'உன் மச்சினனைப் பிடித்துவிட்டார்கள்' என்று.

ஆனால் திரையில் தெரிந்த பெயர்...

ஈப்பன்!

மச்சினனேதான்!

"அச்சாயா..." வர்க்கிச்சனை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "நான் நெடும்பாசேரி ஏர்போர்ட்லதான் இருக்கேன்."



"என்னடா சொல்றே? பிளேன் காலையிலேயே கிளம்பியிருக்குமே!"

"பிளேன் கிளம்பிருச்சு. என்னைத்தான் ஏத்தலை. விசிட் விசால போறவன் திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் காட்டணுமாம். நீங்க குடுத்ததைக் காட்டினேன். 'இது போலி சார்'னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சிரிக்குது!"

பாழாய்ப்போன பழக்கம்!

விசிட் விசாவுக்கு வருகிற எல்லோருக்கும் வர்க்கிச்சன் டம்மி ரிட்டர்ன் டிக்கெட்தான் கொடுப்பான். இதுவரை ஒருத்தரும் மாட்டியதில்லை. மச்சினனை ஜெயிலுக்கு அனுப்பும்போதாவது கஞ்சத்தனத்தை விட்டிருக்கக் கூடாதா!

ஆமாம்... ஜெயில்தான்!

கல்ஃபுக்குப் போகிறவன் பெட்டியில் பாதி இடம் ஊராருக்குச் சொந்தம். கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் பகைதான். வர்க்கிச்சன் கொடுத்த மீன் ஊறுகாய் பாட்டிலை ஈப்பனும் பிரித்துப் பார்க்கவில்லை. ஊறுகாய்க்கு அடியில்... போதை மாத்திரைகள்! துபாயில் துப்புச் சொல்லவும் ஆள் தயார். ஈப்பன் உள்ளே போய்விட்டால் மாமனாரின் ரப்பர் தோட்டம் மொத்தமும் வர்க்கிச்சனின் மனைவிக்கு. அதாவது, வர்க்கிச்சனுக்கு!

"போகட்டும் விடுடா." குரலில் தேனைத் தடவினான். "அந்த ஊறுகாயை மட்டும் பத்திரமா திருப்பிக் கொண்டு வந்துடு."

"அது எதுக்கு வீணா? மத்தியான பிளேன்ல நம்ம ரோஸ்லின் போறாளே... அவ பெட்டில வெச்சு அனுப்பிட்டேன்!"

ரோஸ்லின்!

வர்க்கிச்சனின் ஒரே மகள். துபாயில் நர்ஸ். லீவு முடிந்து இன்றுதான் திரும்புகிறாள். வம்பே வேண்டாம் என்று மாமனோடு சேர்க்காமல் வேறு பிளேனில் சீட் போட்டவனும் அவன்தான். சொந்தக் காசில் சூனியம்!

"அடப்பாவி! அவளை நிறுத்துடா!"

"ஏறிட்டா அச்சாயா. போனையும் அணைச்சுட்டா."

"பிளேனை நிறுத்தச் சொல்லு! கால்ல விழு!"

"ஒரு பாட்டில் ஊறுகாய்க்காகவா? காரணம் கேப்பாங்களே... என்னன்னு சொல்றது?"

வர்க்கிச்சனின் கண்முன்... மகளின் கையில் விலங்கு... தெரியாத பாஷையில் விசாரணை... இரும்புக் கதவு...

அழுதான். பணத்துக்காக இல்லாமல் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

"அதுல போதை மாத்திரை இருக்குடா! நான்தான் வெச்சேன்! உன்னை மாட்டிவிட வெச்சேன்! என் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது... அவளைக் காப்பாத்துடா ஈப்பா!"



மறுமுனையில்... வேறு ஒரு குரல்!

"எல்லாம் தெளிவா காதுல விழுந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தாமோதரன் பேசறேன். போலி டிக்கெட்டோட வந்தவன் பெட்டியைக் கிளறாம விடுவோமா? பாட்டில் என் மேஜை மேலதான் இருக்கு. 'எனக்கு ஒண்ணும் தெரியாது, அச்சாயன் குடுத்தது'ன்னு உங்க மச்சினன் அழுதான். யாரை நம்பறது? அதான் உங்க வாயாலயே சொல்ல வெச்சோம்."

"அப்போ... என் ரோஸ்லின்?"

"நேந்திரங்காய் சிப்சோட நிம்மதியா போறா."

வர்க்கிச்சன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அந்த நிம்மதி ஒரு மூச்சுக்குத்தான்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. ஏற்கெனவே தகவல் போயிருக்க வேண்டும். இரண்டு கான்ஸ்டபிள்கள் இறங்கினார்கள்.

போனில் தாமோதரன் சிரித்தார்.

"கிளம்புங்க அச்சாயா! நீங்க போற இடத்துக்கு விசா வேண்டாம்... ரிட்டர்ன் டிக்கெட்டும் கேக்க மாட்டோம்!"