விரல் நீட்டிய கோடு

காலை எட்டு மணிக்குத் தேர்தல் அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்ததும் ஹேமலதா பையைக்கூட இறக்காமல் கிட்டே ஓடினாள். நேற்று மாலை அவள் கணினியில் வரைந்து முடித்த தொகுதி எல்லை இது இல்லை. தேங்காய்த்திட்டு மீனவர் குடியிருப்பை யாரோ நடுவில் பிளந்து இரண்டு தொகுதிகளுக்குப் பங்கு போட்டிருந்தார்கள். போதாததற்கு, நகரத்துப் பக்கம் கோடு விரல் நீட்டியதுபோல் வளைந்து, ஒரே ஒரு தெருவை உள்ளே இழுத்திருந்தது.

பத்து மணிக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. படம் அதற்குள் வாட்ஸப்பில் ஊர் சுற்றிவிட்டது. மீன் ஏலத்திலிருந்து அம்மா அஞ்சலாட்சி போன் செய்தாள்.

"ஏன்டி, துட்டு வாங்கிட்டு நம்ம ஊரையே ரெண்டாக்கிட்டியாமே? என் மூஞ்சில துப்பாத குறைதான்."

"நான் செய்யலம்மா!"

போன் அணைந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். பிறந்த ஊரில் இந்தப் பெயரோடு எப்படி நடமாடுவது?

அவள் கொடுத்த புகாரின் பேரில் சப்-இன்ஸ்பெக்டர் அமுதவல்லி வந்து, வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார்.

"நேத்து நீ போனப்புறம் யாரு இருந்தா?"

"எங்க சூப்பரின்டெண்டென்ட் கமலக்கண்ணன் சாரு. அப்புறம் எம்.எல்.ஏ.வோட பி.ஏ. செல்வகுமாரு."

"பாஸ்வேர்டு?"

ஹேமலதா கூச்சத்தோடு கைகாட்டினாள். மானிட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்தது.

"ரொம்ப நல்ல ரகசியம்" என்றார் அமுதவல்லி.

கமலக்கண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. "வாக்காளர் சரிபார்ப்புக்குத் தெருத்தெருவா அலைஞ்சவன் மேடம் நான். ரிட்டயர் ஆவுற நேரத்துல இது தேவையா?"

கூப்பிட்டனுப்பியதில் வந்திருந்த செல்வகுமார் சிரித்தபடி நின்றான். போன வருஷம்தான் விழுப்புரத்திலிருந்து வந்து எம்.எல்.ஏ.விடம் சேர்ந்தவன்.

"தம்பி, இழுத்து வெச்சிருக்கிற இந்தத் தெரு யாரு பக்கம்?"

"சந்தேகமே வேணாம் மேடம். மொத்தமும் எங்க அண்ணனுக்குத்தான். பதினாலு ஜூலை அணிவகுப்புக்கு மெடல் குத்திக்கிட்டு வந்த பெரியவங்களுக்கெல்லாம் அண்ணன் சால்வை போட்டாரு. எப்பப் போனாலும் ஆரத்திதான்!"

அவ்வளவு பயத்திலும் ஹேமலதாவுக்குச் சிரிப்பு முட்டியது. கமலக்கண்ணன் இருமினார்.

"போன எலெக்ஷன்ல அந்த பூத்துல நான்தான் பந்தோபஸ்து" என்றார் அமுதவல்லி. "அந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தரும் வரல. அது சொல்தாங்க தெரு. சொல்தான்னா சிப்பாய். பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவங்க குடும்பம், பிரெஞ்சு பாஸ்போர்ட்டு, பதினாலு ஜூலை பிரெஞ்சுத் தேசிய நாளு. நம்ம சட்டசபைக்கு அவங்களுக்கு ஓட்டே கிடையாது. இங்கப் பொறந்த இந்தப் பொண்ணுக்கும் அது தெரியும், தெருத்தெருவா அலைஞ்ச இவருக்கும் தெரியும். தெரியாத ஆளு நீ ஒருத்தன்தான்."

செல்வகுமாரின் சிரிப்பு வடிந்தது. "அப்ப... அத்தனை சால்வையும் வேஸ்ட்டா? அண்ணன் என்னைக் கொன்னுடுவாரே, நான்தானே அந்தத் தெருவையும் சேர்த்து..." நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கான்ஸ்டபிள் அவன் தோளில் கைவைத்தார்.

ஹேமலதா அம்மாவுக்குப் போன் செய்து, ஆள் சிக்கிவிட்டதைச் சொல்லி அழுதாள். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"அவசரக்குடுக்கை" என்றார் அமுதவல்லி, தொப்பியைச் சரிசெய்தபடி. "ஊர் தெரிஞ்சவன் செஞ்சிருந்தா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேன்."

ஹேமலதாவின் கண் சுவரின் மறுபக்கம் போனது. மற்றவர்கள் வரைந்த மற்றத் தொகுதிகள் அங்கே வரிசையாகத் தொங்கின. எதிலும் விரல் நீளவில்லை. எல்லாம் சுத்தமான கோடுகள். ஊர் தெரிந்த கை பட்டிருந்தாலும் இப்படித்தானே இருக்கும்?

"மேடம்," என்றாள், "பத்து மணிக் கூட்டத்தைத் தள்ளி வெக்கச் சொல்லுங்க."