கையை நனைத்துவிட்டுத் தொடு

மீன் சூடாக இருந்தது.

மோரிஸ் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். ஜூலை மாதத்து வெயில் நாள் முழுக்கக் காய்ந்திருந்தது. சாயங்காலம் ஆகியும் கல்கரை அனலை விட்டுக்கொண்டிருந்தது, அதில் உட்கார்ந்திருக்கிறவர் கை சூடாகத்தானே இருக்கும். ஆனால் எந்த மீனைத் தொடுவதற்கு முன்னும் இரண்டு கைகளையும் தண்ணீரில் முக்கி நனைத்துக்கொள்வது அவர் வழக்கம். பிரிந்தல் நீர்த்தேக்கத்தில் தூண்டில் போடுகிற அத்தனை பேருக்கும் அதுதான் வழக்கம். உலர்ந்த கை பட்டால் மீன் மேலிருக்கிற வழவழப்பு உரிந்து போகும், உரிந்த இடத்தில் புண் வரும், அப்புறம் அதைத் தண்ணீரில் விட்டும் பிரயோசனமில்லை. பிடிப்பது திரும்ப விடுவதற்குத்தான். அங்கே யாரும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. தூண்டில்காரர்கள் சங்கத்தில் அது எழுதி வைத்த விதி, எழுதாமல் விட்டிருந்தாலும் அவர்களுக்கு அது விதிதான்.

இப்போதும் நனைத்திருந்தார். தண்ணீர் சில்லென்றிருந்தது. அந்த ஈரக் கையில் மீன் மட்டும், போர்வைக்குள்ளிருந்து இழுத்துப் பிடித்த மனுஷக் கை மாதிரி, வெதுவெதுவென்று கிடந்தது.

டென்ச் மீன். பாசி படிந்த பாட்டில் நிறம், சோப்புக் கட்டி போல் வழுக்கும் உடம்பு. வாலின் ஓரத்தில் ஒரு கிழிசல்.

அந்தக் கிழிசலை மோரிஸுக்குத் தெரியும்.

நாணலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெர்சியின் குரல் வந்தது. இருபது வருஷமாக அவருக்கு அடுத்த இடத்தில் உட்காருகிற ஆள். "என்னய்யா மாட்டுச்சு, பிரீமா டென்ச்சா?"

"டென்ச்."

"நல்லாயிரு! நான் மத்தியானத்துலேருந்து ரொட்டித்தூளைப் பிசைஞ்சு பிசைஞ்சு எறியறேன், எனக்கு பிரீம்தான் வருது. தட்டு மாதிரி வந்து படுத்துக்குது. சட்டையெல்லாம் பாரு, ஜலதோஷம் புடிச்ச அம்பது பசங்க என் மேல மூக்கைத் துடைச்ச மாதிரி இருக்கு."

மற்ற நாளென்றால் மோரிஸ் பதிலுக்கு ஏதாவது குத்தியிருப்பார். அன்றைக்கு அவர் மீனின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். டென்ச்சின் கண் சின்னதாக, சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி இருக்கும். இதன் கண் சாம்பல் நிறமாக இருந்தது. அதைச் சுற்றி மஞ்சள்.

அந்த மஞ்சளையும் அவருக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முன்னாலிருந்தே எனிட்டின் சாம்பல் நிறக் கண்ணைச் சுற்றி அந்த மஞ்சள்தான் இருந்தது. எனிட் அவர் மனைவி. முதலில் கண், பிறகு கழுத்து, பிறகு உள்ளங்கை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மெதுவான குரலில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த மெதுவான குரல்தான் மோரிஸுக்கு எல்லாவற்றையும் சொன்னது. எனிட் மட்டும் கேலியை விடவில்லை. "கஸ்டர்ட் பொடி தீர்ந்துபோச்சுன்னா சொல்லு கிழவா, என்னைக் கொஞ்சம் சுரண்டிப் போட்டுக்க" என்பாள். நடக்க முடியாத நாளிலும் படுக்கையில் பேசினை மடியில் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்குத் தோல் சீவுவாள். சீவும்போது ஒரு மெட்டு முனகுவாள். கல்யாணமான நாளாக அதே மெட்டு, அதே இடத்தில் சுருதி தவறி இறங்கும், அவளே சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவாள்.

வசந்தகாலத்தில் ஒருநாள், பீர்க் கடையில், பெர்சிதான் அதைச் சொன்னது. டென்ச் மீனை மற்ற மீன்களுக்கு டாக்டர் என்பார்களாம், நோவு கண்ட மீன் வந்து அதன் மேல் உரசிவிட்டுப் போகுமாம்.

"மீனுக்கு மட்டுமில்லப்பா. அந்தக் காலத்துல காமாலைக்காரன் வயித்துல டென்ச்சை உசிரோட கட்டி வைப்பாங்களாம். மீன் மஞ்சளாகிச் செத்துப்போகும், ஆளு எழுந்து உட்கார்ந்து பன்றிக்கறி கேப்பான்."

"செத்த மீனை என்ன பண்ணுவாங்க?"

"மண்ணுல புதைக்கணும். அது அங்கேயே, வயித்து மேலயே சாகணும். திரும்பத் தண்ணிக்குப் போகக்கூடாது, அது ஒண்ணுதான்." பெர்சி கோப்பையைக் கீழே வைத்தார். "டேய், நீ நிஜமாவா கேக்கறே?"

நிஜமாகத்தான் கேட்டார். முங்கிப் போகிறவன் கையில் எது சிக்கினாலும் பிடிப்பான் இல்லையா? மீன்பிடி சீசன் திறந்த முதல் சாயங்காலமே வால் கிழிந்த ஒரு டென்ச்சைப் பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, சைக்கிள் கூடையில் திருட்டுத்தனமாக வீட்டுக்குக் கொண்டுபோனார். எனிட் சிரித்தாள். "கல்யாணம் பண்ணி இத்தனை வருஷத்துல எனக்குன்னு ஒரு மீன் கொண்டு வந்தியா நீ? இப்பத்தான் வழி தெரிஞ்சுது உனக்கு." கம்பளித் துண்டால் அதை அவள் வயிற்றின் மேல் கட்டினார். "ஐயோ, சில்லுனு இருக்கு கிழவா" என்றபடியே தூங்கிப்போனாள்.

மோரிஸ் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீனின் வாய் திறந்தது, மூடியது. செவுள் தூக்கியது, தாழ்ந்தது. ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் மெதுவாக. ஆயுசு முழுக்கப் பிடித்த மீனையெல்லாம் பத்திரமாகத் திருப்பி விட்ட மனுஷனுக்கு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வரவில்லை. விடியும் முன்பே அவிழ்த்து வாளியில் போட்டு, ஏரிக்குக் கொண்டுபோய், இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்து, அதற்கு மூச்சு வரும்வரை காத்திருந்து விட்டுவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பியபோது எனிட் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். கண் வெள்ளை வெளேரென்றிருந்தது.

அதற்கப்புறம் நல்ல நாட்கள்தான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொன்னார். டாக்டர் வாயைப் பிளந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேக் கொண்டுவந்தார்கள். எனிட் மாடிப்படி ஏறினாள், இறங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். தேநீர் மட்டும் வேண்டாம் என்றாள். குழாய்த் தண்ணீரே போதும். சாயங்காலமானால் குளியல் தொட்டியை நிரப்பிக்கொண்டு உள்ளே போவாள், விளக்குப் போடமாட்டாள், தண்ணீர் ஆறிப்போய் நெடுநேரம் ஆன பிறகுதான் வருவாள். கதவுக் கைப்பிடியில் ஏதோ பிசுபிசுக்கும். மோரிஸ் அதை ஒரு பழந்துணியால் துடைப்பார். பிரீமின் கோழை காய்ந்தால் பசை மாதிரி ஒட்டும். இது ஒட்டவில்லை, வழுக்கியது. அவர் விரல்களுக்கு அது என்னவென்று தெரிந்தது. அவர் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

கிழவா என்று அவள் கூப்பிட்டு வெகுநாளாயிற்று. உருளைக்கிழங்கு பேசினில் தோலோடு கிடந்தது. மெட்டு இல்லை.

"காட்டேன் பார்ப்போம்." பெர்சி நாணலை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். மோரிஸ் சட்டென்று மீனை வலைக்கூடைக்குள் இறக்கிவிட்டார். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டு கிடக்கிற வலை அது. பிடித்த மீனெல்லாம் கிளம்பும்வரை அதில்தான் இருக்கும்.

"பெர்சி, நீ அன்னைக்கு டாக்டர் மீனுன்னு ஒண்ணு சொன்னியே."

"சொன்னேன். எனிட்தான் தானா எழுந்து உட்கார்ந்துட்டாளே, இப்ப என்ன அதுக்கு?"

"கட்டின மீன் சாகாம தண்ணிக்குத் திரும்பிடுச்சுன்னா என்ன ஆகும்?"

பெர்சி காதைச் சொறிந்தார். "வாங்கினதை வச்சுக்காதாம். திருப்பிக் கொடுத்துடுமாம்." பிறகு மோரிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "யோவ், பீர்க்கடைப் பேச்சய்யா அது! கிளம்பு, போய் ஒரு கோப்பை போடலாம். உன் மூஞ்சியைப் பார்த்தா மீன்தான் உன்னைப் பிடிச்ச மாதிரி இருக்கு."

"நீ போ. நான் பின்னாடி வரேன்."

பெர்சியின் சைக்கிள் சத்தம் அணைக்கட்டு மேலே போய்த் தேய்ந்தது. சூரியன் இறங்கிவிட்டிருந்தது. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சமெல்லாம் தண்ணீரின் மேல் தகடு மாதிரி படிந்து கிடக்க, அக்கரை மரங்களின் நிழல் கொஞ்சங்கொஞ்சமாக அந்தத் தகட்டைத் தின்றுகொண்டு வந்தது. சேறும் புதினாவும் அழுகிய நாணலும் கலந்த வாசனை எழுந்தது. எங்கோ ஒரு நீர்க்கோழி ஒருதரம் கத்திவிட்டு, கத்தியது தப்பு என்பதுபோல் நிறுத்திக்கொண்டது. வலைக்கூடையில் பிரீம்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி நெருக்கியடித்து நின்றன. மறுபக்கத்தில் அந்த டென்ச் தனியாக. அது நீந்தவில்லை. வலையில் முகத்தை அழுத்திக்கொண்டு, கரையைப் பார்த்து, அவரைப் பார்த்து, அப்படியே நின்றது. அதன் வாயிலிருந்து ஊசிமுனை அளவு குமிழிகள், சோடாவில் வருவது மாதிரி, இழையிழையாக மேலே வந்தன. டென்ச் இரை மேயும் இடத்தை அந்தக் குமிழிகளை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். இது மேயவில்லை. குமிழி மட்டும் வந்தது. கேட்டுக்கேட்டு அலுத்த பேச்சு மாதிரி, விட்டு விட்டு, வந்தது.

அந்தச் சூடு காய்ச்சல்தான் என்று மோரிஸ் முடிவு செய்தார். எனிட்டின் காமாலை முழுக்க இதற்குள் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் இது அவரைத் தேடி வந்திருக்கிறது. அன்றைக்குக் கை வராமல் விட்டதை இன்றைக்கு முடித்துவிட்டால், மண்ணில் போட்டுவிட்டால், எனிட் பிழைத்தாள். அவளுக்காக. எல்லாமே அவளுக்காக.

பிரீம்களை விட்டுவிட்டார். டென்ச்சைப் புல்லில் கிடத்தினார்.

அது துள்ளவில்லை. அவர் கையில் சாய்ந்துகொண்டது. விரலுக்கடியில் நாடி அடித்தது.

ஆயுளில் ஒரு மீனையும் கொன்றதில்லை அவர். கரையிலிருந்து எடுத்த கல் கனமாக இருந்தது.

அடித்தார்.

அப்போது சத்தம் கேட்டது. மெல்லிய முனகல். மீன் வயிற்றுக் காற்றுப்பை உடைந்த சத்தம் என்று நினைத்தார். ஆனால் அது ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. ஒரு இடத்தில் சுருதி தவறி இறங்கியது.

அந்த இடத்தில்தான் அவள் சிரிப்பாள்.

மோரிஸ் மறுபடி அடித்தார். ஏன் அடித்தார் என்று அவருக்கே தெரியாது. பயத்தில்தான் அடித்தார். சத்தம் நிற்கவேண்டும் என்றுதான்.

நின்றது.

கைக்குள்ளேயே சூடு இறங்கியது. சாம்பல் கண் அவரைப் பார்த்தபடி கலங்கி வெளுத்தது. தூண்டில் கோலைத் தாங்கும் இரும்புக் கம்பியால் கரைக் களிமண்ணைக் குத்திக் கிளறி, அதற்குள் வைத்து, மிதித்து மூடினார். காற்றுப்பை. வெறும் காற்றுப்பை. சொல்லிக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

வீட்டில் விளக்கில்லை.

சமையலறையில் சேற்று வாசனை. புதினா. அழுகிய நாணல். பேசினில் உருளைக்கிழங்கு. தோலோடு. அதன் மேல் தண்ணீர் கருத்துப்போயிருந்தது.

"எனிட்?"

மாடியில் தண்ணீர் சொட்டியது. படிக்கட்டு ஈரமாக இருந்தது. கைப்பிடிக் கட்டை முழுக்க வழவழப்பு. அவர் பிடித்தார், வழுக்கியது, மறுபடி பிடித்தார்.

"எனிட், கண்ணு. நல்லாயிருக்கியா?"

குளியலறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வானம். தொட்டி நிறைந்து விளிம்பில் வழிந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் அவள் நீளமாகக் கிடந்தாள். கீழுதடு வரைக்கும் தண்ணீர். கூந்தல் பாசி மாதிரி மிதந்தது.

"மோரிஸ்."

குரல் தெளிவாக இருந்தது. ஆரோக்கியமான குரல்.

"எங்கே புதைச்சே?"

மோரிஸின் வாய் திறந்தது. மூடியது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இமைக்கவில்லை. கண்ணில் மஞ்சள் துளிகூட இல்லை. வெள்ளைக்கு நடுவில், சின்னதாக, மாதுளை முத்து மாதிரி, சிவப்பு.

"எனிட் எங்கே?" என்று அவர் கேட்டார். கேட்ட பிறகுதான் கேட்டது அவர் காதில் விழுந்தது.

அவர் மண்டியிட்டார். கை தானாக நீண்டது. விரல்களில் களிமண் காய்ந்திருந்தது. அவள் தோள் சட்டென்று விலகியது.

"உலர்ந்த கை. நனைச்சுட்டுத் தொடு."

மோரிஸ் இரண்டு கைகளையும் முக்கினார். பழகிய கை, சொன்னதும் நனைந்தது. தண்ணீர் ஏரித் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது. அவள் மெல்லத் திரும்பி, தன் கனம் முழுவதையும் அவர் உள்ளங்கைகளுக்கு நடுவில் இறக்கி வைத்து, விடப்போகிற மீன் காத்திருப்பது மாதிரி அசையாமல் காத்திருந்தாள். தோல் வழுக்கியது. நாடி இல்லை.

"பாடேன்," என்றார் மோரிஸ். "எனிட், ஒரே ஒரு தரம்."

அவள் கீழே இறங்கினாள். தண்ணீர் முகத்தை மூடியது. சிவப்புக் கண் திறந்தபடி இருந்தது. வாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஊசிமுனைக் குமிழிகள் மட்டும், இழையிழையாக, இருட்டுக்குள் மேலே வந்துகொண்டிருந்தன.