தூக்கிவிடும் பொத்தான்

அன்று தும்மல் ராணி தும்மவில்லை. இருமினாள்.

மார்லிஸ் முதலில் டிவியைத்தான் சந்தேகித்தாள். அந்த வீடியோ விளையாட்டில் தும்மல் ராணிக்கு இருக்கிற ஒரே வல்லமை தும்மல். தும்மினால் பறப்பாள், பலமாகத் தும்மினால் தெருவிலுள்ள அத்தனை கண்ணாடியும் நொறுங்கும், வெங்காய வேடம் போட்ட திருடர்கள் தலைதெறிக்க ஓடுவார்கள். ஆறு விதமான தும்மல் உண்டு, இருமல் ஒன்றுகூட இல்லை. ஒன்றரை வருடமாக ஆடுகிறவளுக்கு இது தெரியாதா? இந்த இருமலோ நெஞ்சுக்குள் தேங்கிய தண்ணீரை வெளியே தள்ளப் பார்ப்பதுபோல் கொழகொழவென்று கேட்டது.

மணி ஐந்துகூட ஆகவில்லை, அதற்குள் ஜன்னலெல்லாம் இருட்டிவிட்டது. டிசம்பரில் வட மினசோட்டா அப்படித்தான். கணவர் கார்டி பனி வாரும் லாரியோடு நெடுஞ்சாலைக்குப் போயிருந்தார். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் ஓசையும், அடித்தளத்தில் கணப்பு உறுமும் ஓசையும் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை.

தும்மல் ராணி, மகள் பிரிட்டாவின் ஆள். மார்லிஸின் ஆள் கொதிக்கிற சூப்பைக் கரண்டியால் வீசி எதிரிகளை விரட்டும் சூப் சூறாவளி. பள்ளிச் சமையலறையில் இருபது வருடம் கரண்டி பிடித்தவளுக்கு இதைவிடப் பொருத்தம் உண்டா என்று பிரிட்டாதான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். ஊர் முழுக்க இஷ்டம்போல் சுற்றலாம். கூரைக்குக் கூரை தாவலாம், மேயரின் டோப்பாவைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாம். ஞாயிறு மாலைகளில் அம்மாவும் மகளும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு ஆடுவார்கள்.

மார்ச்சில் பிரிட்டா இறந்துபோனாள். இருபத்து மூன்று வயது.

இரண்டாவது கன்ட்ரோலரை யாரும் தொடாவிட்டால், அந்த ஆளை விளையாட்டே நடத்தும். அதுவரை ஆடியவரின் பழக்கங்களைக் கற்றுவைத்துக்கொண்டு அப்படியே செய்யும். பிரிட்டாவைப் போலவே நாலடி ஓடி, நின்று, அம்மா வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கும். ஒரு காரணமும் இல்லாமல் தபால்பெட்டியை உதைக்கும். இதற்காகத்தான் மார்லிஸ் பள்ளியிலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டாவது கன்ட்ரோலரை ஒன்பது மாதமாகத் தூசு தட்டக்கூட எடுக்கவில்லை. தொட்டால் மகளின் பழக்கத்தின் மேல் தன் பழக்கம் ஏறிவிடும் என்ற பயம். உலகத்தில் மகள் மிச்சமிருப்பது அங்கே மட்டும்தான்.

அந்த விளையாட்டில் வரும் வீரர்களுக்கு ஊரையே காப்பாற்றத் தெரியும், நீச்சல் மட்டும் தெரியாது. தண்ணீரில் விழுந்தால் அங்கி கனத்து மூழ்கிப்போவார்கள். பத்திலிருந்து எண் இறங்கி முடிவதற்குள் கூட்டாளி பொத்தானை அழுத்திப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்காவிட்டாலும் மோசமில்லை, ஐந்து நொடியில் டோனட் கடை வாசலில் சொட்டச் சொட்ட வந்து நிற்பார்கள். பிரிட்டா வேண்டுமென்றே குதித்துவிட்டுத் தூக்கு தூக்கு என்று கத்துவாள். மார்லிஸ் கையைக் கட்டிக்கொண்டு, "நீயே வந்துடுவ" என்பாள். அவர்கள் வீட்டின் பெரிய நகைச்சுவை அது.

உறைந்த ஏரியின் மேல் போட்ட மீன்பிடிக் குடில்களை, பனிக்கட்டி இளகுவதற்கு முன், மார்ச்சில் குறித்த தேதிக்குள் அகற்றிவிட வேண்டும். பிரிட்டா தன் குடிலைக் காலி செய்யப் போனவள், அங்கிருந்து போன் செய்தாள். பனி ஒருமாதிரி சத்தம் போடுகிறது, ட்ரக்கை எடுத்துக்கொண்டு கயிற்றோடு கரைக்கு வா என்றாள். மார்லிஸ் அப்போது இதே சோபாவில் முள்ளங்கி அரசனோடு சண்டையில் இருந்தாள். நடுவில் நிறுத்திவைக்க முடியாத சண்டை, விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னாள்: நீயே வந்துடுவ. மகளும் சிரித்தாள். போனை வைத்தாள்.

இதை மார்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. கார்டியிடம்கூட.

திரையில் தும்மல் ராணி மறுபடி இருமினாள். தபால்பெட்டியை உதைக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. மழையே பெய்யாத அந்த ஊரின் பளிச்சென்ற நடைபாதையில் ஈரக்கால் தடம் பதித்து, துறைமுகம் பக்கமாக நடந்தாள். நடையில் அவசரமில்லை. சூப் சூறாவளி பின்னால் ஓடினாள், எவ்வளவு ஓடியும் நெருங்க முடியவில்லை. தெருவில் வெங்காயங்கள் இல்லை, மேயர் இல்லை. கோமாளித்தனமான பின்னணி இசை எப்போது நின்றது என்று மார்லிஸுக்குத் தெரியவில்லை. கூடத்தில் நனைந்த கம்பளியின் வாடை அடித்தது. அதற்கடியில் ஏரி வாடை. மீனும் சேறும்.

எப்போதும் நீலமாக இருக்கும் தண்ணீர் வெள்ளையாக இறுகியிருந்தது.

தும்மல் ராணி அதன்மேல் நடந்தாள். நடுவில் நின்றாள். ஏதோ முறிந்தது. அந்தச் சத்தம் டிவியிலிருந்து வரவில்லை, சோபாவுக்கடியிலிருந்து வந்தது.

பத்து. ஒன்பது.

மார்லிஸின் விரல் மரத்துப்போயிருந்தது. எட்டு. ஏழு. எந்தப் பொத்தான்? ஒருநாளும் தூக்கியதில்லையே. ஐந்து. நான்கு. தப்பான பொத்தான். சூப் சிந்தியது. இரண்டு.

ஒன்று. கிடைத்துவிட்டது. அழுத்திப் பிடித்தாள்.

ஒரு கை மேலே வந்தது. வரைந்த கை இல்லை. நகம் நீலம் பாரித்த, கையுறை கழன்றுபோன வலக்கை. ஏரியிலிருந்து எடுத்தபோதும் அந்தக் கையில் உறை இல்லை. பிறகு நெற்றி. கண்கள். மூக்கு. வாய் மட்டம் வந்ததும் நின்றுவிட்டது.

"அம்மா," என்றது வாய். "வந்துட்டியா?"

பிடி கொஞ்சம் தளர்ந்தது. முகம் தாழ்ந்தது. மார்லிஸ் அலறிக்கொண்டு அழுத்தினாள், முகம் ஏறியது. அதே உயரம். அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. விட்டுவிட்டால் டோனட் கடை வாசலில் வந்து நிற்பாள் என்று புத்தி சொன்னது. அந்தப் புத்திதான் மார்ச்சிலும் சொன்னது.

எவ்வளவு நேரம் ஆனதோ. வாசலில் பூட்ஸைத் தட்டும் சத்தம்.

"இன்னும் இதையே ஆடிட்டிருக்கியா மார்லிஸ்?" என்றார் கார்டி. "ஏதாவது சாப்பிட்டியா, இல்லையா?"

"அன்னிக்கு அவ எனக்குத்தான் போன் பண்ணா," என்றாள் மார்லிஸ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கயிறு எடுத்துட்டு வரச் சொன்னா. நான் போகல கார்டி. நான் விளையாடிட்டிருந்தேன்."

அதற்குள் அவர் திரையைப் பார்த்துவிட்டார்.

"அப்பாவா?" என்று கேட்டது வாய். "குளுருதுப்பா."

கார்டி பூட்ஸோடு நடந்துவந்தார். மார்லிஸின் பக்கத்தில் விழுவதுபோல் உட்கார்ந்தார். மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை, அதன்பிறகு ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுடைய கட்டைவிரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து, எலும்பு வலிக்க அழுத்தினார்.

"விடாத," என்றார்.

எண் ஒன்றிலேயே நின்றது. தண்ணீர் பிரிட்டாவின் உதடுகளுக்கு நடுவே ஏறி இறங்கியது. இமைக்காத கண்களால் இருவரையும் பார்த்தபடி அவள் விழுங்கினாள், மறுபடி விழுங்கினாள்.