முனி மரத்துப் பழந்துணி

"இப்பவே சொல்லிட்டேன், நாம போறது செத்தவங்க எடம்" என்றான் பூச்சியப்பன். ரப்பர் மரங்கள் முடிந்து பெருங்காடு தொடங்கும் எல்லையில் கத்தியும் கையுமாக நின்றான். மரம் வெட்டக் கை நீளும், பேய் என்றால் கால் நடுங்கும். அப்படி ஒரு பிறவி.

"எந்தம்பி சாகல. வாய மூடிக்கிட்டு நட" என்றாள் இருளாயி.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம் அது. சயாமில் ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக லாரியில் ஆள் அள்ளினார்கள். போனவர்களில் ஒருவனும் திரும்பவில்லை. இருளாயியின் தம்பி சன்னாசி மட்டும் தானாகப் பெயர் கொடுத்துப் போனான். கூலியாள் வேஷத்தில் போய், எங்கெங்கே பாலம் எழும்புகிறது என்று பார்த்துவந்து, காட்டில் பதுங்கியிருந்த எதிர்ப்புப் படைக்குச் சொல்லும் உளவாளி அவன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் தாவீதுக்குத்தான் அந்த ரகசியம் தெரியும். கஞ்சித் தண்ணீரில் குச்சியைத் தோய்த்துத் துணியில் எழுத அவனுக்குப் பழக்கியவரும் அவரே. காய்ந்துவிட்டால் எழுத்து இருக்கும் இடமே தெரியாது. டிங்சர் அயோடின் பட்டால் நீலமாக எழும்பிவரும். திரும்பி வந்ததும், முனி மரத்தில் தான் கட்டிவிட்டுப் போகும் துணியில் சேதி எழுதிவைப்பதாக ஏற்பாடு.

ஒரு மாதிரி நொண்டிக்கொண்டு ஒருவன் முனி மரத்தடியில் நின்றதாக உப்பு விற்கிறவன் வந்து சொன்னான். அந்தச் சேதி ஜப்பான்காரன் காதுக்கும் போய்விட்டது. அவர்களுக்கு முந்தினால் தம்பி, பிந்தினால் பிணம். டிரஸர் மருந்துக் குப்பியை மடியில் கட்டிக்கொண்டு இவர்கள் இருவரோடும் கிளம்பிவிட்டார்.

மரம் கண்ணில் பட்டதும் மூவர் காலும் தானாக நின்றன. அம்மாடி, எத்தனை துணி! சயாமுக்குப் போகிற ஒவ்வொருவனும் ஒரு கோடித் துணியைக் கிழித்து முனியின் தகரக் கொட்டகைக்குள் தொங்கிய விழுதுகளில் முடிந்துவிட்டுப் போனான். திரும்பி வந்து அவனே அவிழ்க்க வேண்டும். வேறு யாராவது அவிழ்த்தால் அவன் வரவே மாட்டான் என்பது நம்பிக்கை. ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. காற்றே இல்லை, ஆனாலும் துணிகள் மெல்ல அசைந்தன. நடுவே நடந்தபோது ஒவ்வொன்றும் இருளாயியின் முகத்தைத் தடவியது. இது மாடத்தி புருஷன் கட்டியது, அது பக்கத்து லயத்து வரிசை வீட்டில் இருந்த அண்ணன் தம்பிகள் கட்டியது.

"எதுலன்னு அவன் சொல்லலீங்களா?"

"சொல்றதுக்குள்ள லாரி ஏத்திட்டாங்கம்மா. அவிழ்க்காம தொட்டுத் தொட்டுப் பாப்போம்."

முதல் துணியில் டிரஸர் பஞ்சால் ஒற்றினார். கருநீலம்! ஆனால் எழுத்து இல்லை, தொட்ட இடமெல்லாம் ஒரே கறை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. குப்பி வற்றிக்கொண்டு வந்தது.

"செத்தவங்க ரத்தம் நீலமா வருது" என்று பூச்சியப்பன் முனகினான்.

"உளறாதய்யா." டிரஸர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என் புத்தி எங்க போச்சு? எல்லாமே புதுத்துணி. மில்லுல போட்ட கஞ்சி அப்படியே இருக்கு. இதுல எழுதினா எப்படித் தெரியும்? சன்னாசிக்கு இது தெரியாம இருக்காது. பலதடவ தொவச்ச பழசுலதான் எழுதியிருப்பான்."

"சாமிக்குப் பழந்துணி கட்டுற திமிரு அவன் ஒருத்தனுக்குத்தான் உண்டு" என்றாள் இருளாயி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பூட்ஸ் சத்தம் கேட்டது. மூவரும் துணிகளுக்குள் புகுந்து மூச்சைப் பிடித்தார்கள். நான்கைந்து சிப்பாய்கள் கொட்டகை வாசல்வரை வந்தார்கள். ஒருவன் துப்பாக்கி முனையால் ஒரு துணியைத் தூக்கினான். அதன் பின்னே வரிசை வரிசையாக இன்னும் எத்தனையோ தொங்கின. அவன் முகம் வெளிறிவிட்டது. ஏதோ சொல்லிப் பின்வாங்கினான், மற்றவர்களும் அவன் பின்னாலேயே போய்விட்டார்கள்.

இருளாயி கொட்டகையின் அரையிருட்டில் விழுது விழுதாகக் கையால் தடவினாள். மொடமொடப்பு, மொடமொடப்பு, பிறகு ஒன்று மட்டும் பூப்போல மெத்தென்று. நைந்துபோன வேட்டித் துண்டு. டிரஸர் மிச்சச் சொட்டுகளை அதில் ஒற்றினார். கோணல் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின: 'சுண்ணாம்புப் பாறைக் குகை. கால் ஒடிஞ்சு போச்சு.'

பாறைவரை முள்ளை வெட்டி வழி செய்தவன் அதே பூச்சியப்பன்தான். பேயை மறந்தே போனான். குகைக்குள் எலும்பும் தோலுமாக ஒருவன் சுவரில் சாய்ந்திருந்தான். இருளாயிக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

"அக்கா, தண்ணி இருக்கா?"

அவள் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். பாலங்கள் இருக்கும் இடங்களை அவன் வாயால் சொல்ல, டிரஸர் மனத்தில் வாங்கிக்கொண்டார்.

மாற்றிமாற்றித் தோளில் சுமந்து, லயத்துக்குப் பின்வழியாகக் கொண்டு சேர்த்தார்கள். ஊருக்குத் தெரியாமல் வைக்கத்தான் நினைத்தார்கள், நடக்குமா? பெண்கள் ஒவ்வொருவராக இருளாயி வீட்டுக்குள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்தார்கள். மாடத்திதான் முதலில் வாய் திறந்தாள்.

"தம்பி, எங்க வீட்டு ஆள அங்க பாத்தியாப்பா?"

சன்னாசி அக்காவைப் பார்த்தான். சொல்லட்டுமா வேண்டாமா என்று அந்தக் கண்கள் கேட்டன. தம்பி கிடைத்த சந்தோஷம் இருளாயிக்கு நெஞ்சில் கல்லாகக் கனத்தது. ஆனாலும் தெரியாமல் காத்துக்கிடப்பது என்ன பாடு என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"சொல்லுடா" என்று அவன் தலையைக் கோதினாள். "ஒருத்தரையும் விடாம சொல்லு."

அவன் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, செத்தவர்கள் வரிசையில் முதலில் அவள் புருஷன் பெயரைச் சொன்னான்.