மஞ்சள் கட்டம்

மண்டி மொஹல்லாவில் கேசவமூர்த்தியின் துப்பறியும் அலுவலகத்துக்கு ரோசலின் வந்தபோது கை கழுவும் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை. கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டி, புண் கழுவி, மலம் அள்ளிப் பிழைக்கிற நர்ஸ் அவள். வட்டாரத்து ஆட்களே எழுதித் திருத்தும் ‘நம்ம மொஹல்லா’ விக்கி இணையதளத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் அவளைக் கூப்பிடுவார்கள். அங்கே அவள் பக்கத்தின் உச்சியில் இப்போது ஒரு மஞ்சள் கட்டம்: ‘இவர்மீது புகார் உள்ளது. அழைக்க வேண்டாம்.’ அவள் வேலை பார்த்த சரஸ்வதிபுரத்து வீட்டில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

“வெச்சது எங்க அண்ணி நிம்மி. விக்கியப் பாத்துக்கிற ஜோ, அவ மாத்தின அன்னிக்கு இருந்த பழைய பதிவத் தொறந்து காட்டினான். அவ பேருக்குக் கீழ இதே வார்த்தை. என் வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன். ஆனா, நீ காய்ச்சல்ல கெடந்தப்ப லீவுன்னுதான் போட்டேன்னு புள்ளைங்க தலைமேல சத்தியம் பண்றா. எது நெசம்னு எனக்குத் தெரியணும் சார்.”

உதவியாளர் மரியராஜுக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது. நர்ஸ் ஏஜென்சி நடத்தும் சிவகுமார்தான் நிம்மியைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும் என்றார். கேசவமூர்த்தி முதலில் குழாய்க்கு, ஊருக்குப் போன மாரிசாமி திரும்பிவிட்டானா என்று விக்கியில் பார்க்கச் சொன்னார்.

விக்கியில் பிளம்பர் மாரிசாமியின் பக்கத்தைத் திறந்த மரியராஜ் திகைத்தார். அங்கேயும் அதே மஞ்சள் கட்டம், அதே புகார். ஆனால் மாரிசாமி திருவிழாவுக்காகக் கோபிநத்தம் போகிறேன், விக்கியிலும் லீவு போட்டுவிட்டேன் என்று இவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தான்.

“கேரியர் சாப்பாடு லிங்கம்மாவும் மக பிரசவத்துக்குப் போயிருக்காங்களே, அவங்க பக்கம்?” என்றார் கேசவமூர்த்தி.

லிங்கம்மாவின் கட்டமும் மஞ்சள்தான். அதில் மட்டும் ‘சில நாள் விடுப்பில் இருக்கிறார்’ என்றிருந்தது. கேசவமூர்த்தி ஒழுகும் குழாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஜோவும் நிம்மியும் வரவழைக்கப்பட்டார்கள். நிம்மி ரோசலின் பக்கம் திரும்பவே இல்லை.

“நிம்மி, அன்னிக்கு என்ன டைப் பண்ணினீங்க?”

“வாசகம் எதுவும் டைப் பண்ணல சார். ‘மஞ்சள் அறிவிப்பு’ன்னு பேர மட்டும் அடைப்புக்குறிக்குள்ள போட்டேன். லீவுக் கட்டம் தானா வந்துச்சு.”

“அதுக்குப் பேர் வார்ப்புரு,” என்றார் கேசவமூர்த்தி. “வாசகம் ஒரே எடத்துல இருக்கும், மாடித் தொட்டி மாதிரி. பேரப் போட்ட பக்கமெல்லாம் கொழாய். தொட்டித் தண்ணி மாறினா எல்லாக் கொழாயிலயும் மாறும். பழைய பதிவத் தொறந்தாலும் இன்னிக்குத் தண்ணிதான் வரும். ஜோ காட்டின சாட்சி அதுதான். லிங்கம்மா பக்கத்துல மட்டும் யாரோ வாசகத்தையே பிடிச்சு வெச்சிருக்காங்க, கொடத்துல பிடிச்ச தண்ணி. அது மாறல.”

“அப்ப தொட்டியில கை வெச்சது யாரு சார்?” என்றார் மரியராஜ். சிவகுமார் பெயர் இன்னும் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

“யாரு எப்ப மாத்தினாங்கன்னு தொட்டிக்கும் வரலாறு இருக்கு. ஜோ, நீங்களே சொல்லுங்க.”

ஜோ தரையைப் பார்த்தான். ஒரு கேஸ் ஸ்டவ் மெக்கானிக்மேல் நிஜமாகவே புகார் வந்ததாம். புதிதாக ஒரு கட்டம் செய்யச் சோம்பல்பட்டுப் பழைய லீவுக் கட்டத்தைத் திறந்து, எழுத்தை மாற்றி, அதன் மேலேயே சேமித்துவிட்டான். ரோசலின் சண்டைக்கு வந்தபோதுதான் தப்பு புரிந்தது. சரிசெய்தால் தன் பெயர் வெளியே வரும் என்று அப்படியே விட்டுவிட்டான்.

“அதனால என் பேரக் காட்டின,” என்றாள் நிம்மி.

ஜோ அங்கேயே பழைய வாசகத்தைத் திருப்பி வைத்தான். எல்லாப் பக்கத்திலும் புகார் ஒரே நொடியில் மறைந்தது. சரஸ்வதிபுரத்து வேலை மட்டும் திரும்பவில்லை.

“மன்னிப்புக் கேட்டு ஒரு வார்ப்புரு செஞ்சு எல்லார் பக்கத்துலயும் போட்டுடறேன்கா,” என்றான்.

“அதெல்லாம் வேணாம். என்னைக் கூப்பிட்டுக்கிட்டிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்து போ. உன் வாயால சொல்லு,” என்றாள் ரோசலின்.

நிம்மி எழுந்து படியிறங்கிக்கொண்டிருந்தாள். ரோசலின் கைப்பேசியை மேசைமேலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினாள்.

“அண்ணி, நில்லு.”

மரியராஜ் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரோசலின் பின்னால் கிளம்பப் பார்த்தார். கேசவமூர்த்தி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.